ஆயா (பாட்டி) கேட்ட ரேடியோ நாடகங்களின் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

"அந்தக் காலத்துல என்ன நாடகம் கேட்டீங்க, ஆயா?" என்று ஆரம்பித்தால், "எல்லாம் மறந்துபோச்சுப்பா" என்ற பதிலோடு பேட்டி முடிந்துவிடும். நாடகத்தை விட்டுவிட்டுப் பெட்டியில் தொடங்குங்கள். "ரேடியோப் பெட்டி எந்தக் கட்டுல இருந்துச்சு? முகப்புலயா, வளவுலயா? யாரு திருகுவாக? நாடகம் ஓடுறப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீக?" கட்டு என்றால் வீட்டின் ஒரு பகுதி; முகப்பு முன்பகுதி, வளவு முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி. செட்டிநாட்டு வீட்டில் இந்தக் கேள்விகளுக்குக் கனம் அதிகம். பெட்டி முகப்பில் ஆண்கள் பக்கம் இருந்திருந்தால், பெண்கள் இரண்டாம் கட்டில் வேலை செய்தபடி பாதி வசனத்தைத்தான் கேட்டிருப்பார்கள். அந்தப் பாதியே பதிவு செய்ய வேண்டியது.

அடுத்தது இடம். வளவில் உட்கார வைத்தால் பார்க்க அழகுதான், ஒலி கெட்டுவிடும். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாம் சேர்ந்து குரலை எதிரொலிக்கும். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் இழுத்துக்கொண்டு நின்றால் அங்கே வேண்டாம். துணிமணி, பாய், தலையணை கிடக்கும் சிறிய அறை நல்லது. ஆயா வளவை விட்டு வரமாட்டேன் என்றால், ஒரு மூலையில் உட்கார வைத்து, கீழே ஒரு ஜமுக்காளம் விரித்து, முதுகுக்குப் பின்னால் இன்னொன்றைத் தொங்க விடுங்கள். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் வேகத்தையாவது குறையுங்கள்.

கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் வெற்றிலை இடிக்கும் சத்தம் குரலுக்கு மேலே நிற்கும். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்பி ஆகும். ஒரு அமர்வு 40 நிமிடம் போதும். ஒரு வாரம் விட்டு மறுபடி போங்கள். இடையில் ஞாபகம் வந்த பெயர்கள் இரண்டாம் அமர்வில்தான் கொட்டும். அக்கா தங்கை இருவர் இருந்தால், முதலில் தனித்தனியாக, பிறகு சேர்த்து. எடுத்தவுடன் சேர்த்து உட்கார வைத்தால் மூத்தவர் சொன்னதுதான் இருவரின் நினைவும் ஆகிவிடும்.

வருஷத்தை நேராகக் கேட்காதீர்கள். "கல்யாணத்துக்கு முன்னாலயா, வீட்டுக்குக் கரண்டு வந்த பிறகா?" என்று கேளுங்கள். சில சொற்களே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். திருச்சி வானொலி நிலையம் 1939இலேயே வந்துவிட்டது. அகில இந்திய வானொலியின் விவித் பாரதி என்றால் 1957க்குப் பிறகு. 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று அறிவிப்பாளர் குரலிலேயே சொல்லிக் காட்டினால் 1967க்கு முந்தையதாக இருக்க முடியாது. இலங்கை வானொலி கூட்டுத்தாபனம் ஆனது அந்த ஆண்டில்தான். "போட்டதும் பாடாது, சூடாகணும்" என்றால் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வால்வு ரேடியோ. போட்டவுடன் பேசியது என்றால் டிரான்சிஸ்டர்.

எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ரேடியோ நாடகம் என்று சொல்வது பல சமயம் ஒலிச்சித்திரமாக, அதாவது சினிமாவின் ஒலியை மட்டும் ஒலிபரப்பியதாக இருக்கும். இல்லையென்றால் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் போட்ட வசன ரெக்கார்டாக இருக்கும். "இடையில பாட்டு வந்துச்சா? அப்புறம் கொட்டகையில பாத்தீகளா? ஒரே நாள்ல முடிஞ்சுச்சா, அடுத்த வாரம் வந்துச்சா?" இந்த மூன்று கேள்வியில் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் அப்படியே எழுதி வையுங்கள். ஆயாவைத் திருத்தப் போகாதீர்கள். திருத்தப்பட்டவர் அடுத்த கேள்விக்கு யோசித்துத்தான் பேசுவார்.

பேச்சு நின்றுபோனால் ஒரு பழைய பெட்டி உதவும். பரணில் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம். ஓடாத பெட்டியே போதும், விலையும் குறையும். எக்காரணம் கொண்டும் பிளக்கைச் சொருகாதீர்கள். பல வருஷம் கிடந்த பெட்டியில் மின்தேக்கிகள் காய்ந்தும் கசிந்தும் இருக்கும்; நேராக மின்சாரம் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் வரை கருகும். சில பெட்டிகளில் உள்ளே இருக்கும் தகட்டிலேயே மின்சாரம் பாயும். கம்பியைக் கழற்றிவிட்டு, முன்துணியில் இருக்கும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், நெசவு தளர்ந்துவிடும்.

பிறகு குமிழைத் திருப்பிப் பாருங்கள். ஊசி நகரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே குமிழையும் ஊசியையும் இணைக்கும் இழுவைக் கயிறு அறுந்திருக்கும். மெல்லிய நைலான் மீன்பிடி நூல் அதற்கு ஒத்துவராது, உருளையில் வழுக்கும். முறுக்கிய பருத்தி நூல் பிடித்துக்கொள்ளும். கயிறு எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்பதைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி நகர ஆரம்பித்ததும் பெட்டியை ஆயா முன்னால் வைத்து, "திருச்சி எங்க வரும்?" என்று மட்டும் கேளுங்கள். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ், அலைநீள மீட்டர் கணக்கில் சுமார் 320. விரல் அந்தப் பக்கம் போகிறதா, கொழும்பு தேடிச் சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்) தாவுகிறதா என்று பாருங்கள். பதிவுக் கருவி அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.