விரலிடுக்கைக் கவனியுங்கள்

சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இந்தப் புழுக்கத்தில் நாள் முழுவதும் காலணிக்குள் அடைபட்டுக் கிடக்கும் பாதத்தில் சேற்றுப்புண் என்ற பூஞ்சைத் தொற்று வருவதில் வியப்பில்லை. தேசிய சேவை எனும் கட்டாயப் படைப் பணியிலிருந்து வார இறுதியில் வீடு திரும்பும் பிள்ளைகளின் கால்விரல்களை ஒருமுறை விரித்துப் பாருங்கள். கடைசி இரண்டு விரல்களுக்கு இடையில்தான் பெரும்பாலும் தோல் வெளுத்து, ஊறி, உரியத் தொடங்கும்.

குளித்தவுடன் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போகத் துடையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தடுப்பு இல்லை. ஒரே காலணியை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். உள்ளே காய ஒரு நாளாவது வேண்டும். நீச்சல்குளக் குளியலறையில் செருப்பு அவசியம்.

வந்துவிட்டால், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவவே தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சையோ வெளியே தெரியாமல் பரவும்! மருந்தாளரிடம் கேட்டுப் பூஞ்சைக்கான களிம்பை வாங்கி, தோல் தெளிந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை தடவுங்கள். பாதியில் விட்டால் திரும்ப வரும், நகத்துக்கும் ஏறும். நகம் தடித்து மஞ்சளானால் மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும்.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குக் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். சிறு வெடிப்பு வழியாகவும் கிருமி நுழைந்துவிடும். தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் செல்லுங்கள்.