பெரிய வியாழன் பஸ்கா விருந்து: சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசுவும் அவருடைய முதல் சீடர்களும் யூதர்கள். இந்த உண்மையைச் சபையார் உணர வேண்டும் என்றுதான் பல திருச்சபைகள் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் இரவில், எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா விருந்தை நடத்துகின்றன. நோக்கம் நல்லது. ஆனால் நடத்தும்போது காலம் குழம்பிப் போகிறது. இன்றைய யூதர் வீட்டுப் பஸ்காவை அப்படியே எடுத்துவைத்து, "கடைசி இரவில் இயேசு செய்தது இதுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். மற்ற பல தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அன்றைய பஸ்காவின் மையம் ஆட்டுக்குட்டி. யூத மாதமான நிசான் 14ஆம் நாள் பிற்பகலில் எருசலேம் ஆலயத்தில் அதை அறுப்பார்கள். மாதுளைக் கம்பில் கோத்து முழுசாகச் சுட்டு, எலும்பு ஒன்றையும் முறிக்காமல், அந்த இரவே தின்று முடிப்பார்கள். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்ததும் பலி நின்றுபோனது. அதன் பிறகு ரபீக்கள் என்ற யூதப் போதகர்கள் வீட்டுப் பந்தியை மையமாக வைத்துப் பஸ்காவை மறுபடி கட்டியெழுப்பினார்கள். நான்கு கிண்ணத் திராட்சரசம், பிள்ளை கேட்கும் கேள்விகள் என்ற ஒழுங்கை நாம் முதன்முதலாக விரிவாகப் பார்ப்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில்தான். மூன்று அப்பங்களை அடுக்கி நடு அப்பத்தை உடைப்பதும், ஒளித்துவைத்த துண்டைப் பிள்ளைகள் தேடுவதும் அதற்கும் பிந்தியவை.

ஆகவே, "மூன்று அப்பம் திரித்துவம், உடைபடும் நடு அப்பம் குமாரன்" என்ற பிரசங்கத்தை முதல் நூற்றாண்டுச் சான்றாகக் காட்டக் கூடாது. இயேசுவை மேசியாவாக ஏற்ற மெசியானிய யூதர்கள் அதைத் தங்கள் விசுவாசத்தின் அறிக்கையாகச் சொல்லலாம். அதை வரலாறு என்று சொல்வது வேறு விஷயம்.

சமையலறையிலும் பிழை வரும். வழக்கமான சப்பாத்தி புளிப்பில்லாத அப்பம் ஆகிவிடாது. மட்சா எனப்படும் யூதர்களின் புளிப்பில்லாத அப்பத்துக்குப் பொதுவாக மாவும் தண்ணீரும் மட்டுமே. தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். நாம் மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவைக்கிறோமே, அதற்குள் அவர்கள் கணக்கில் புளிப்பு தொடங்கிவிடும். ஆட்டுக்கறி ரோஸ்ட் பரிமாறி "யூதர் வழக்கம்" என்று சொல்வதும் சரியல்ல. ஆலயம் இல்லாததால், மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் அன்றிரவு சுட்ட இறைச்சியையே தவிர்ப்பார்கள். தட்டில் ஓர் எலும்பு அடையாளமாக இருக்கும், அவ்வளவுதான்.

நாளைப் பற்றியும் உறுதியாகப் பேசிவிட வேண்டாம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இராப்போஜனத்தைப் பஸ்கா பந்தியாகச் சொல்கிறார்கள். யோவான் 18:28இலோ, இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோன காலையில்கூட, அவரைக் கொண்டுபோன யூதர்கள் பஸ்காவைப் புசித்திருக்கவில்லை. இரண்டையும் சபைக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரிய வியாழனும் யூதர்களின் பஸ்காவும் எப்போதும் ஒரே வாரத்தில் வருவதும் இல்லை. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31. பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை.

இவற்றையெல்லாம்விடக் கனமான தவறு, யூதர்களின் பண்டிகையை மேசையில் வைத்துக்கொண்டே அவர்களைப் பழிப்பது. பரிசேயர் என்றாலே மாயக்காரர், "யூதர்கள்தான் கொன்றார்கள்" என்ற பேச்சு அந்த மேசையில் வரவே கூடாது. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் ஒரு சிறுவன் இறந்துகிடந்ததற்கு, பஸ்காவுக்காகக் கொன்றார்கள் என்று யூதர்கள்மேல் பழி சுமத்தி, சித்திரவதை செய்து, பலருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அந்தச் சிறுவனுக்குச் செலுத்திய வணக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நீக்கியது. கிறிஸ்தவர்கள் நடத்தும் பஸ்காவைக் கண்டு பல யூதர்கள் சங்கடப்படுவதற்கு இப்படிப்பட்ட நினைவுகளும் காரணம்.

இன்றைய மெசியானிய யூத மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசும்போதும் யார் யார் என்று பிரித்துச் சொல்லுங்கள். இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர்களுக்காக யோசேப்பு ரபினோவிச் 1880களில் இன்றைய மால்டோவாவிலுள்ள கிஷினேவில் ஒரு சபை கூட்டினார். 1915இல் அமைந்த அமெரிக்க எபிரேயக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு, 1975இல் பெயரிலுள்ள 'எபிரேயக் கிறிஸ்தவ' என்பதை 'மெசியானிய யூத' என்று மாற்றிக்கொண்டது. பிற யூதர்கள் பெரும்பாலும் இதை யூத மார்க்கத்தின் பிரிவாக ஏற்பதில்லை. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் 1989இல், யூதர்கள் இஸ்ரேலில் குடியேற உரிமை தரும் 'திரும்பிவரும் சட்ட'த்தின்படி மெசியானியருக்கு உரிமை இல்லை என்று தீர்த்தது. புறஜாதியாராகிய நம் சபையார் யூதச் சட்டங்களைக் கைக்கொண்டே ஆக வேண்டும் என்று சொல்வது இன்னொரு எல்லை மீறல். அப்போஸ்தலர் 15இல் எருசலேம் சபை அவர்கள்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஊரில் யூதக் குடும்பம் இருந்து, அவர்கள் அழைத்தால், விருந்தினராகப் போய் உட்காருங்கள். நம் ஊர்களில் அதற்கு வாய்ப்பு குறைவு. வேதத்தோடு நின்றாலே போதும். யாத்திராகமம் 12ஐ முழுதாக வாசியுங்கள். பந்தி முடிந்து 115 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுங்கள். ஹில்லேல் என்ற பண்டைய யூதப் போதகரின் பள்ளி வகுத்த முறைப்படி 113, 114 பந்திக்கு முன், மற்றவை பின். மாற்கு 14:26இல் ஒலிவமலைக்குப் புறப்படுமுன் இயேசுவும் சீடர்களும் பாடியது இவையாக இருக்க வாய்ப்பு அதிகம். "வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்" 118ஆம் சங்கீதத்தில்தான் இருக்கிறது. அதே வாரத்தில் ஆலயத்தில் இயேசு எடுத்துச் சொன்ன வசனமும் அதுவே.