கொண்டென்சர் ஃபான் மோட்டர் மாற்றும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள ஐஸ்கிரீம் கடைகளில் ஃபிரீசர் மூடி சும்மா இருக்காது. ஃபிரீசர் திருத்துகிற எங்கள் ஃபோனும் அப்படித்தான். ஒருமுறை மத்தியானம் ஒரு கடையிலிருந்து அழைப்பு: "அண்ணை, ரெண்டு தரம் காஸ் அடிச்சாச்சு. ஐஸ்கிரீம் இன்னும் கூழாய்த்தான் கிடக்கு."

போய்க் கீழ்ப்பக்கத்துக் கம்பித் தட்டியைக் கழற்றியதும் முகத்தில் அனல் அடித்தது. கொம்பிரசரைத் தொட முடியவில்லை. கொண்டென்சருக்குப் பின்னால் ஃபான் அசையாமல் நின்றது. பிளக்கைக் கழற்றிவிட்டு விரலால் தள்ளிப் பார்த்தேன். கால் சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது. உள்ளங்கை அளவு மோட்டர் ஒன்று பழுதானதற்கு, அந்தக் கடைக்காரர் இரண்டு தரம் காஸுக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

மோட்டரைக் கழற்றிப் பூட்டுவது பெரும்பாலும் அரை மணித்தியால வேலை. பிழைகள் அதற்கு முன்னும் பின்னும்தான் கூட நடக்கின்றன.

முதற்பிழை இந்தக் காஸ்தான். பெட்டிக்குள் இருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிற இடம் கொண்டென்சர். அதற்குள்ளால் காற்றை இழுப்பது ஃபான். ஆர்134ஏ காஸ் ஓடும் பெட்டியில், வெளியே 35 பாகை வெக்கை என்றால் ஹை சைட் (கொம்பிரசரில் இருந்து கொண்டென்சருக்குப் போகும் பக்கம்) அழுத்தம் ஏறக்குறைய 150 முதல் 180 பிஎஸ்ஐ வரை நிற்கும். ஃபான் நின்றால் அது 250, 300 என்று ஏறும். கொம்பிரசர் கறண்டைக் கூட இழுக்கும், சூடேறும், கடைசியில் ஓவர்லோட் (சூடு மீறினால் கறண்டைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) வெட்டிவிடும். ஆறியதும் 'டிக்' என்று திரும்பப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி வெட்டும். கடைக்காரருக்குத் தெரிவது குளிரவில்லை என்பது மட்டும்தான். குளிரவில்லை என்றால் காஸ் இல்லை என்பது எங்கள் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. குழாய்க்குள் ஓடும் காஸ் தேய்ந்து போவதில்லை, ஒழுகினால்தான் குறையும். ஒழுக்கு இல்லாத பெட்டிக்கு மேலும் அடித்தால், ஏறிய அழுத்தம் இன்னும் ஏறும். அன்று மோட்டரை மாற்றியதோடு வேலை முடியவில்லை. கூட அடித்ததை வெளியே எடுத்து, வக்கியூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பெட்டித் தகட்டில் எழுதியிருந்த நிறைக்கு நிறுத்து அடிக்க வேண்டி வந்தது. நேரம் எடுத்தது அதுதான்.

இதற்கு நேர் எதிர்ப் பிழையும் உண்டு. ஃபான் சுற்றவில்லை என்று கண்டதும், ஒன்றையும் அளக்காமல் ரவுணுக்குப் போய்ப் புது மோட்டர் வாங்கி வருவது. மோட்டருக்குக் கறண்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கொம்பிரசர் ஓடும்போது மோட்டர் முனையில் 230 வோல்ற் அளவில் வந்தும் ஃபான் சுற்றவில்லை என்றால் பழுது மோட்டர் பக்கத்தில்தான். வரவில்லை என்றால் புது மோட்டரும் சுற்றாது. வயர், கொன்ட்ரோலர், சில பெட்டிகளில் ஃபானை ஓட்டும் பிரஷர் சுவிட்ச் என்று தேட வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேட்டை, அதாவது ஃபானின் இதழ்களை, கையால் சுற்றுங்கள். இறுகினால் பெயரிங். இலேசாகச் சுற்றினால் மீற்றரை ஓமில் வைத்து வைண்டிங்கை (மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை) பாருங்கள். அளவே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. மின்னணு அட்டை உள்ள ஈசி மோட்டர்களுக்கு இந்த ஓம் கணக்குச் சரிவராது.

குருநகர், பாசையூர், மயிலிட்டிக் கடற்கரைப் பக்கத்து மீன் பெட்டிகளில் நான் கண்ட அளவில் முதலில் போவது பெயரிங்தான். உப்புக் காற்று வேலையைக் காட்டும். உள்ளூர்ப் பக்கம் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் புழுதி. இறுகிய பெயரிங்குக்கு எண்ணெய் விட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் மெஷின் எண்ணெய் என்றால் சில நாள் தாங்கும். தேங்காயெண்ணெய் விட்டவரையும் கண்டிருக்கிறேன். அது பிசினாகி, இருந்த கொஞ்ச ஓட்டத்தையும் நிறுத்தியிருந்தது.

கனடா மோட்டர்

இனி வாங்குவது. பழைய மோட்டரைக் கழற்ற முன் அதன் ஸ்டிக்கரைத் துடைத்து ஒரு படம் எடுங்கள். வயர் பூட்டியிருக்கும் விதத்தையும் பிளேட் நிற்கும் விதத்தையும் சேர்த்து எடுங்கள். வோல்ற், ஹேர்ட்ஸ், வாற்ஸ், சுற்று வேகம், சுற்றும் திசை எல்லாம் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கின்றன. துளை பொருந்துகிறது, போல்ட் ஏறுகிறது என்று மட்டும் பார்த்து வாங்கினால், இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் பிழைக்கும்.

எங்கள் ஊரில் இதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அங்கே ஒன்லைனில் நல்ல மோட்டர் ஒன்று வாங்கி, வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புவார். அங்கே கறண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். 115 வோல்ற் என்று எழுதிய மோட்டரை இங்கே கொடுத்தால் மணத்தோடு உடனே விடைபெறும். அது பரவாயில்லை, பிழை அப்போதே தெரிந்துவிடும். மோசமானது 208–230 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியது. வோல்ற் பொருந்துகிறதே என்று பூட்டினால் சுற்றவும் செய்யும். ஆனால் 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 1550 சுற்று ஓட வேண்டியது இங்கே 1300 அளவில்தான் ஓடும், காற்றுக் குறையும். ஹேர்ட்ஸ் குறைந்தால் வைண்டிங் இழுக்கும் கறண்ட் கூடும். மோட்டர் தன்பாட்டில் சூடேறிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் கருகியதும் 'கனடாச் சாமானும் சரியில்லை' என்பார்கள். சாமானில் பிழை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் லண்டன் மாமாவை நம்பலாம். அங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான்.

வாற்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சின்ன மோட்டர்கள் 5, 10, 16, 25, 34 வாற்ஸ் என்று வரும். இது தண்டு கொடுக்கும் வலு. இழுக்கும் கறண்டின் கணக்கு வேறு; சாதாரண 10 வாற்ஸ் மோட்டர் 36, 40 வாற்ஸ் வரை இழுக்கும். ஸ்டிக்கரில் 36 என்று கண்டுவிட்டு, கிட்ட வருகிறதே என்று 34 வாற்ஸ் மோட்டர் வாங்கி வந்த தம்பி ஒருவர், உடம்பு நீளம் கூடி பிறக்கெற்றுக்குள் ஏறாமல் திரும்பக் கடைக்கு ஓடினார். என் கணக்கு இதுதான்: சிறியது ஒருநாளும் வேண்டாம், அதே பிளேட்டை இழுக்க முடியாமல் மெதுவாக ஓடிக் கருகும். அதே சுற்று வேகத்தில் ஒரு படி பெரியது, இடமும் இருந்தால், அவசரத்துக்குப் போடலாம்.

கப்பாசிற்றர் வைத்து ஓடும் மோட்டர் என்றால் கப்பாசிற்றரையும் சேர்த்து மாற்றுங்கள், ஸ்டிக்கர் சொல்லும் மைக்ரோஃபரட்டுக்கே. பெரிதாகப் போட்டால் வேகமாக ஓடும் என்பது கட்டுக்கதை. பழையதைத் தொட முன் அதற்குள் தேங்கி நிற்கும் கறண்டை டிஸ்சார்ஜ் செய்ய மறக்க வேண்டாம்.

பிளேட்

பிளேட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். துரு பிடித்த திருகாணிக்குத் துரு எண்ணெய் அடித்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் அது தானாக இளகும். அலுமினிய பிளேட்டின் ஒரு இதழ் கொஞ்சம் வளைந்தாலும் ஃபான் அதிரும். அந்த அதிர்வு புதுப் பெயரிங்கைத் தின்றுவிடும். ஒரே அளவுத் துண்டு ஒன்றை நிலத்தில் வைத்து, பிளேட்டைக் கையால் திருப்பி, ஒவ்வொரு இதழ் நுனியும் அதே உயரத்தில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் புதுப் பிளேட் வாங்குங்கள். நெளித்து நேராக்கியது நேராக நின்று நான் கண்டதில்லை.

கழற்ற முன் பிளேட்டின் மோட்டர்ப் பக்கத்தில் மாக்கரால் ஒரு புள்ளி வையுங்கள். முன்பின் மாறிப் பூட்டுவது அவ்வளவு இலகு. பிளேட் சுற்றிவர இருக்கும் வளையத்துக்குள் முந்தி எவ்வளவு ஆழத்தில் நின்றதோ, அதே ஆழத்தில்தான் நிற்க வேண்டும். வெளியே தள்ளி நின்றால் காற்று கொண்டென்சருக்குள்ளால் வராமல் பக்கத்தால் சுழன்றுகொண்டிருக்கும்.

அப்புறம் திசை. அநேகமான பெட்டிகளில் ஃபான் கொண்டென்சருக்குள்ளால் காற்றை இழுத்துக் கொம்பிரசர் பக்கம் தள்ளும். சுற்றும் திசையைத் தண்டுப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லும் கொம்பனியும் உண்டு, பின்பக்கத்தில் நின்று சொல்லும் கொம்பனியும் உண்டு. எழுத்தை மட்டும் நம்பாமல் உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். ஓடவிட்டதும் ஒரு கடதாசித் துண்டைக் கொண்டென்சர் முகத்தில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து உங்கள் முகத்துக்கு வந்தால் காற்று பின்னுக்கிருந்து முன்னுக்கு வருகிறது. அந்தப் பெட்டி குளிரும், ஆனால் அரைகுறையாக. பெட்டி பிழை என்று எல்லாரும் நினைப்பார்கள்.

மோட்டரைக் கழற்றியிருக்கும் அந்த நேரந்தான் கொண்டென்சரைக் கழுவ வாய்ப்பான நேரம். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் கூட. ஃபான் நின்ற இடத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் புழுதி இன்னும் உள்ளே போய் இறுகும். கடற்கரைக் கடைகளில் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி உப்பை எடுக்க வேண்டும். கார் கழுவும் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்தால் கொண்டென்சரின் மெல்லிய தகடுகளான ஃபின் எல்லாம் படுத்துவிடும்.

வயர் பூட்டும்போது எர்த்துக்குப் போகும் பச்சை வயரை 'இல்லாமலும் ஓடும்தானே' என்று விட்டுவிடாதீர்கள். மீன் கடை நிலம் எப்போதும் ஈரம். ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று எர்த்தைக் கழற்றி வைத்திருந்த பெட்டியையும் நான் பார்த்திருக்கிறேன். கழற்றியவர் இன்னும் உயிரோடு இருப்பது அவருடைய அதிர்ஷ்டம். முறுக்கி டேப் சுற்றிய மூட்டுக்கள் அந்தச் சூட்டில் பிசுபிசுத்துக் கழரும். கனெக்டர் போட்டு, வயர் பிளேட்டில் படாமல் கட்டி வையுங்கள்.

பெட்டியில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுவாலைப் படம் இருந்தால் உள்ளே இருப்பது ஆர்290 போன்ற எரியும் காஸ். அப்படிப்பட்டதற்குக் கொம்பனி சொன்ன மோட்டரைத் தவிர வேறொன்றும் போடாதீர்கள். கதவு, யன்னலைத் திறந்து வைத்து, ஒழுக்கு இல்லை என்று உறுதியான பிறகுதான் கறண்டைக் கொடுக்க வேண்டும். கிட்ட நின்று சிகரெட் பற்றவைக்கும் ஆளை வெளியே அனுப்புங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று, ஃபான் சுற்றுகிறது, கொம்பிரசர் மட்டும் சத்தமில்லை. இந்த இடத்தில்தான் நல்ல கொம்பிரசரைச் செத்தது என்று சொல்லி மாற்றுகிறார்கள். மணிக்கணக்காகக் கொதித்த கொம்பிரசரின் ஓவர்லோட், குறிப்பாக உள்ளேயே இருக்கும் வகை, ஆறித் திரும்பப் பிடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கலாம். புது ஃபானுக்குத் தனியாகக் கறண்ட் கொடுத்துக் கொம்பிரசர் மேல் காற்றுப் பட விட்டுக் காத்திருங்கள். பெரிய பெட்டி என்றால் ஹை பிரஷர் சுவிட்சில் கையால் அமத்தும் ரீசெட் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் உடனே கிளம்பாமல் இருபது நிமிடம் நில்லுங்கள். கிளாம்ப் மீற்றரில் மோட்டர் இழுக்கும் அம்பியர் ஸ்டிக்கரில் உள்ளதைத் தாண்டக் கூடாது.

இரவில் மோட்டர் போய்விட்டது, கடைகள் பூட்டு என்றால், ஸ்டாண்ட் ஃபான் ஒன்றைக் கொண்டென்சருக்கு முன்னால் வைத்து ஓட்டுவது பிழையில்லை. இறுகிய மோட்டரின் வயரைக் கழற்றி முனைகளை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நின்றபடியே சூடேறும். காற்று முந்திப் போன திசையிலேயே போக வேண்டும். பெட்டியைக் கடைசிவரை திறக்கக் கூடாது. பாசையூரில் ஒரு மீன் கடையில் ஒரு இரவு முழுக்க இப்படி ஓட்டினோம். விடிய ஐந்தரைக்கு மோட்டரோடு போனபோது ஃபான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வியர்வையில் நனைந்தபடி வாசலில் வாங்கில் படுத்திருந்தார். கடையில் இருந்தது அந்த ஒரே ஒரு ஃபான்.