ஈரமா, உலர்ந்ததா? ஹேக்கத்தானுக்கு ஒரு குப்பை பிரிக்கும் தொட்டி

போன மாதம் ஒரு வாரம், பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் டேரா போட்டிருந்தார்கள். ஸ்கூல் ரோபோட்டிக்ஸ் ஹேக்கத்தான் போட்டி, தலைப்பு கழிவு மேலாண்மை. "கேமரா வச்சு ஏஐல கண்டுபிடிக்கலாம்ண்ணா" என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவர்கள் வயதில் நானும் கேமராவை நம்பிப் போனவன்தான். நடுவர் முன்னால் வாழைப்பழத் தோலை என் மெஷின் பிளாஸ்டிக் என்றது.

நம் ஊர்க் கணக்குக்குக் கேமரா தேவையும் இல்லை. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இங்கே 'இரண்டு தொட்டி, ஒரு பை'. பச்சைத் தொட்டியில் ஹசி கசா (கன்னடத்தில் ஈரக் குப்பை), பையில் ஒண கசா (உலர் குப்பை), சிவப்புத் தொட்டியில் நாப்கின், டயப்பர் வகையறா. சிவப்பை மெஷினிடம் விடாதீர்கள். அதைக் காகிதத்தில் சுற்றிக் கையால் தனியே போடுவதுதான் சரி. மிச்சம் ஒரே கேள்வி: ஈரமா, இல்லையா?

1. சாமான்

எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். மெஷினின் மூளையாக ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஈரம் பார்க்கக் கெப்பாசிடிவ் மண் ஈரப்பத சென்சார், தட்டைச் சாய்க்க எம்ஜி 996ஆர் சர்வோ மோட்டார், உலோகம் கண்டுபிடிக்க இண்டக்டிவ் சென்சார், பழைய 5 வோல்ட் 2 ஆம்ப் மொபைல் சார்ஜர். முள்கரண்டி மாதிரி இரண்டு கால் நீட்டிய மலிவு ஈரப்பத சென்சாரைக் கடைக்காரர் நீட்டுவார், வாங்காதீர்கள். ஈரத்தில் கரண்ட் ஓடி ஓடிக் கால் அரித்துவிடும். எஸ்ஜி 90 என்ற குட்டி நீல சர்வோவும் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் பல் ஒரு மாங்கொட்டைக்குத் தாங்காது.

2. தட்டு

சன்போர்டில் (கனமில்லாத ஃபோம் அட்டை) ஒரு தட்டு, நடுவில் சைக்கிள் ஸ்போக் ஒன்று அச்சாக. சாய்ப்பது சர்வோ. சீசா மாதிரி இடது பக்கம் சாய்ந்தால் பச்சைத் தொட்டி, வலது பக்கம் பை. சென்சார் இரண்டும் தட்டின் மேல். ஈரப்பத சென்சாரின் மேல்பக்கம் பொடிப்பொடியாகத் தெரிகிற பாகங்கள் மீது நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள். பூசாவிட்டால் தண்ணீர் பட்டு சென்சார் போய்விடும்.

3. சர்வோவுக்குக் கரண்ட்

இங்கேதான் எங்களுக்கு ஒன்றரை நாள் போனது. தட்டு பாதி சாயும், ஊனோவின் விளக்கு அணைந்து எரியும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். புரோகிராம் கோடில் தப்பு என்று பிள்ளைகள் வரி வரியாகத் தேடினார்கள். கோடு சுத்தம். சுமையோடு கிளம்பும்போது இந்த சர்வோ ஒரு ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். லேப்டாப்பின் யூஎஸ்பி தருவது அரை ஆம்ப். வோல்டேஜ் தொபுக்கென்று விழும், ஊனோ ரீசெட் ஆகும்.

அதனால் சர்வோவுக்குத் தனி சப்ளை. பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டினால் உள்ளே சிவப்பும் கறுப்பும் இருக்கும். மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அதே வரிசையில் சர்வோவின் சிவப்பு, பழுப்பு வயர்களோடு சேருங்கள். ஆரஞ்சு வயர் ஊனோவின் 9ஆம் பின்னுக்கு.

கொடுத்தோம். இப்போது ரீசெட் இல்லை, ஆனால் சர்வோ சாமி வந்த மாதிரி ஆடியது! காரணம், சார்ஜரின் கறுப்பு வயரை ஊனோவின் கிரவுண்டோடு (GND என்று எழுதிய பின்) இணைக்கவில்லை. 9ஆம் பின் '5 வோல்ட்' என்று சொன்னால் எதிலிருந்து 5 என்று சர்வோவுக்குத் தெரிய வேண்டுமே? இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஜம்பர் வயர் போட்டதும் அடங்கியது.

4. எல்லைக்கோடு

லேப்டாப்பில் ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரைத் திறந்து ஈரப்பத சென்சார் தரும் எண்களைப் பாருங்கள். ஈரம் கூடினால் எண் குறையும், குழம்பாதீர்கள். எங்களுக்குக் காற்றில் 590 பக்கம், ஈரத் துணியில் 310 பக்கம். எல்லையை 450இல் வைத்தோம். உங்கள் எண் வேறாக இருக்கும், என்னுடையதைக் காப்பி அடிக்காதீர்கள்.

புரோகிராம் நாலு வரி சமாச்சாரம். முதலில் உலோகமா என்று பார், ஆமென்றால் வலது. இல்லையென்றால் எண் 450க்குக் கீழா, இடது. மேலா, வலது. ஒவ்வொரு தடவையும் தள்ளி முடித்ததும் சர்வோ 90 டிகிரிக்கு, அதாவது தட்டு மட்டமாக நிற்கிற நிலைக்கு, திரும்பட்டும்.

எல்லாம் முடிந்து கெத்தாக ஒரு பால் கவரைப் போட்டோம். உள்ளே நாலு சொட்டுப் பால். மெஷின் ஈரம் என்று பச்சையில் தள்ளியது. கழுவிப் போட்டாலும் அதே கதை. கடைசியில் பிள்ளைகளே ஒரு மஞ்சள் பட்டன் வைத்தார்கள்: அழுத்தினால் சென்சாரைக் கேட்காமல் வலது. நடுவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன், சொன்னார்கள்.

"பிரித்து என்ன லாபம்?" என்றும் நடுவர் கேட்டார். ஈரம் உரமாகும், உலர்ந்தது வார்டின் ஒண கசா சென்டருக்குப் போகும், கலந்தால் எதற்கும் உதவாது என்றாள் ஒருத்தி. அப்படிக் கலந்ததைத்தான் லாரி லாரியாக ஊருக்கு வெளியே மண்டூர் கிராமத்தில் கொட்டினார்கள், ஊர்க்காரர்கள் போராடி 2014இல் நிறுத்தினார்கள் என்று அடுத்தவன் முடித்தான்.

பின்சேர்க்கை: இண்டக்டிவ் சென்சாரை நேரே ஊனோவில் குத்தி ஒரு பின்னைச் சுட்டுவிட்டதாக ஒரு தம்பி எழுதியிருந்தான். தப்பு என்னுடையது, விளக்காமல் விட்டேன். அது 6 வோல்ட்டுக்கு மேல் கேட்கிற சாதனம், 9 வோல்ட் பேட்டரி கொடுங்கள். என்பிஎன் வகையாக (உலோகம் வந்தால் சிக்னல் வயரைக் கிரவுண்டுக்கு இழுப்பது) பார்த்து வாங்கி, கறுப்பு சிக்னல் வயரில் ஒரு டையோடு (கரண்டை ஒரே பக்கம் விடுகிற பாகம்) போடுங்கள், கோடு போட்ட முனை சென்சார் பக்கம். புரோகிராமில் அந்தப் பின்னை இன்புட் புல்லப் ஆக்குங்கள் (சும்மா இருக்கும்போது 'ஹை'யில் நிற்கும்), உலோகம் வந்தால் 'லோ' வரும். பேட்டரியின் கிரவுண்டையும் ஊனோவோடு சேர்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்று: வெங்காயச் சருகைப் போட்டால் உலர் குப்பைக்குப் போகிறதே என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். போகும்தான். அதற்குப் பச்சை நிறத்தில் இன்னொரு பட்டன் வைத்தாயிற்று: அழுத்தினால் சென்சாரைக் கேட்காமல் இடது.