லினக்ஸ் ஆர்டிசி டிரைவர் தவறான நேரம் காட்டினால்: பிழையைப் பிடித்துத் திருத்தும் வழி

ஆர்டிசி என்பது கணினி அணைந்திருக்கும்போதும் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்; அதைக் கர்னலோடு, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடு, இணைக்கும் நிரல்தான் டிரைவர். டிரைவரின் மூலநிரலைத் திறப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். பேட்டரி 3 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா? நேரம் உங்கள் நேரமண்டல வித்தியாசத்தின் அளவுக்கே பிசகுகிறதா? பிசகினால் அது பெரும்பாலும் டிரைவரின் குற்றமல்ல. ஆர்டிசியின் அமைப்பைக் குறித்துவைக்கும் அட்ஜ்டைம் கோப்பின் மூன்றாம் வரி யுடிசி (உலகப் பொது நேரம்) என்கிறதா லோக்கல் (உள்ளூர் நேரம்) என்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி சேவையை நிறுத்துங்கள். ஆர்டிசியைத் திருத்தும் வசதி இயங்கும் கர்னலில், ஒத்திசைந்த நேரம் சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஆர்டிசியில் எழுதப்படும். நீங்கள் தேடும் பிழையின் மேல் சரியான நேரம் பூசப்பட்டுவிடும்.

இனி சிப்பையே கேளுங்கள். அது டிஎஸ்3231 என்ற ஆர்டிசி சிப் என்று வைத்துக்கொள்வோம். டிரைவரைக் கழற்றிவிட்டு, சிப்பின் ரெஜிஸ்டர்களை (உள் நினைவிடங்களை) அப்படியே காட்டும் ஐ2சி-டம்ப் கட்டளையால் ஹெக்ஸ் (பதினாறடிமான) 68 முகவரியைப் படியுங்கள். முதல் ஏழு பைட்டுகள் இப்படி வரலாம்:

45 59 23 03 31 12 24

வினாடி, நிமிடம், மணி, கிழமை, தேதி, மாதம், வருடம் என்பது வரிசை. அதாவது 2024 டிசம்பர் 31, 23:59:45. மதிப்புகள் பிசிடி வடிவில் (ஒவ்வொரு தசம இலக்கமும் தனி 4 பிட்டில்) இருப்பதால் ஹெக்ஸில் பார்க்கும்போது அப்படியே வாசிக்கலாம். டிரைவர் பிசிடியை மாற்ற மறந்தால் 59 நிமிடம் 89 ஆகிவிடும்; இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழை மாதத்தில்தான். சிப்பில் மாதம் 1 முதல் 12 வரை, கர்னலில் 0 முதல் 11 வரை. படிக்கும்போது ஒன்றைக் கழிக்கவும் எழுதும்போது ஒன்றைக் கூட்டவும் சேர்ந்தே மறந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். டிரைவர் வழியாக ஆர்டிசியைப் படிக்கும் ஹெச்டபிள்யூகிளாக் கட்டளை சரியாகவே காட்டும். ஆனால் பிப்ரவரி சிப்பில் ஜனவரியாகக் கிடக்கும். 28 முடிந்ததும் லீப் அல்லாத வருடத்திலும் 29 வரும். டிரைவர் சொல்வதை வைத்து டிரைவரைச் சோதித்தால் இது அகப்படாது. மாத ரெஜிஸ்டரின் உச்ச பிட் நூற்றாண்டுக்கானது. கீழ் 5 பிட்களை மட்டும் எடுங்கள். வருடம் கர்னலில் 1900-லிருந்து எண்ணப்படுவதால் 24 என்பது 124 ஆக வேண்டும்.

எப்போதாவது ஒரு மணி நேரம் தாவினால், ரெஜிஸ்டர்கள் தனித்தனியாகப் படிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். 10:59:59-இல் வினாடியையும் நிமிடத்தையும் படித்த பிறகு மணி மாறினால் 11:59:59 கிடைக்கும். ஏழு பைட்டையும் ஒரே பல்க் ரீடில் எடுங்கள். இந்தச் சிப் பரிமாற்றம் தொடங்கும்போதே நேரத்தை உறைய வைத்துக் கொடுக்கும்.

கடிகாரத்தை ஓட்டும் ஆஸிலேட்டர் நின்றதைச் சொல்லும் பிட், 15-ஆம் ரெஜிஸ்டரின் உச்ச பிட். புரோப் கட்டத்திலேயே (டிரைவர் சிப்போடு முதலில் இணையும்போதே) அதைத் துடைத்துவிடும் டிரைவர்கள் உண்டு. பிறகு 2000 ஜனவரி 1 என்பது நம்பத்தகுந்த நேரம்போல் மேலே போய்ச் சேரும். பிட் 1 ஆக இருந்தால் நேரம் படிக்கும் செயற்கூறு செல்லாத மதிப்பு என்ற பிழையைத் திருப்ப வேண்டும். பிட்டைத் துடைக்க வேண்டிய இடம் நேரம் எழுதும் செயற்கூறு, அதுவும் நேரம் வெற்றிகரமாக எழுதப்பட்ட பிறகே. வரிசை மாறினால், எழுத்து பாதியில் தோற்றாலும் குப்பை நேரம் செல்லுபடியாகிவிடும்.

ஆர்டிசியைக் கர்னலில் பதிவு செய்யும்போது வருட வரம்பையும் கொடுங்கள்: 2000 முதல் 2099 வரை. இந்தச் சிப் 2100-ஐ லீப் வருடமாக எண்ணும்.

சோதனைக்கு 2023 பிப்ரவரி 28, 2024 பிப்ரவரி 28, ஏதாவது ஒரு டிசம்பர் 31, மூன்றுக்கும் 23:59:50 வைத்து, பத்து வினாடி கழித்து டிரைவரின் பதிலையும் பைட்டுகளையும் ஒப்பிடுங்கள். பிறகு மின்சாரம், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்; முதல் வாசிப்பு தோற்க வேண்டும், நேரம் எழுதியதும் சரியாக வேண்டும். கர்னலோடு வரும் ஆர்டிசி செல்ஃப்டெஸ்ட்டையும் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு பிழைக்கும் தனிப் பேட்ச் (திருத்தக் கோப்பு) போடுங்கள். பிழையை நுழைத்த கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) அடையாளக் குறியீட்டில் முதல் 12 எழுத்துகளைப் பேட்ச் விளக்கத்தின் ஃபிக்ஸஸ் வரியில் குறித்து, நிரல் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டில் ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.