வளர்ச்சிக் காரணி யூரியா மூட்டை அல்ல

குழந்தை மூளை பற்றிய கட்டுரைகளில் முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. நரம்பணுக்கள் வளரவும் இணையவும் உதவும் புரதங்களுக்கு ‘வளர்ச்சிக் காரணி’ என்று பெயர். அதைக் கேட்டதும் யூரியா மூட்டை நினைவுக்கு வருகிறது. கொட்டக் கொட்டச் செழிக்கும் என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

1995-இல் வெளியான ஓர் ஆய்வில், பூனைக்குட்டிகளின் பார்வைப் புறணிக்குள் (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி) பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த வயதில் வலக்கண்ணுக்குரிய நரம்பிழைகளும் இடக்கண்ணுக்குரியவையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து அமர வேண்டும். புரதம் மிகுந்த இடத்தில் அந்தப் பிரிவினையே நடக்கவில்லை. இழைகள் இந்தப் புரதத்துக்காகப் போட்டியிட்டுத்தான் இடம் பிடிக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பந்தியில் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைத்தால் யார் எழுந்து போவார்கள்? 1999-இல் எலிகளிலும் இதே புரதத்தைக் கூட்டினார்கள். மற்ற நரம்பணுக்களின் செயலை அடக்கும் தடுப்பு நரம்பணுக்கள் சீக்கிரமே முதிர்ந்தன. பார்வை அனுபவத்தால் இணைப்புகள் மாறக்கூடிய பருவமும் சீக்கிரமே முடிந்துபோனது. இதை ‘வேகமான வளர்ச்சி’ என்று பாராட்ட எனக்குக் கை வரவில்லை.

‘பி.டி.என்.எஃப். சினாப்ஸை, அதாவது இரு நரம்பணுக்களின் இணைப்பை, வலுப்படுத்தும்’ என்ற வாக்கியமும் பாதி உண்மைதான். இந்தப் புரதம் முதலில் நீளமான முன்வடிவமாக உருவாகி, பிறகு வெட்டப்படுகிறது. வெட்டுப்பட்டு முதிர்ந்த வடிவம் நரம்பணுவின் மேலுள்ள டிராக்-பி என்ற ஏற்பியில் (புரதம் வந்து ஒட்டும் இடம்) அமர்ந்து இணைப்பை வலுவாக்குகிறது. வெட்டுப்படாத முன்வடிவம் பி-75 ஏற்பியில் அமர்ந்து தளர்த்துகிறது. மரபணு ஒன்றுதான், எந்த வடிவம் என்று சொல்லாமல் எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது.

ஒரே குடும்பப் பெயர் கொண்ட காரணிகளை ஒன்றாகக் கட்டுவது இன்னொரு பிழை. எஃப்.ஜி.எஃப். என்பது அப்படி ஒரு குடும்பம். எலியின் ஹிப்போகாம்பஸில் (நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி) எஃப்.ஜி.எஃப்.-22 அடுத்த நரம்பணுவைத் தூண்டும் கிளர்ச்சி சினாப்ஸ்களையும், எஃப்.ஜி.எஃப்.-7 அதை அடக்கும் தடுப்பு சினாப்ஸ்களையும் உருவாக்க உதவுகின்றன. 22 இல்லாத எலிகளுக்கு வலிப்பைத் தூண்டுவது கடினம். 7 இல்லாதவற்றுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

ரத்தப் பரிசோதனை எண்ணை மூளையின் அளவாக எழுதுவதையும் விட்டுவிடலாம். ரத்தத்தில் உள்ள பி.டி.என்.எஃப். பெரும்பாலும் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளுக்குள் இருக்கிறது. ரத்தம் உறையும்போது அது வெளிவருவதால், சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த நீர்) அளந்தால் அதிகமாகவும் பிளாஸ்மாவில் (உறையவிடாமல் பிரித்த நீர்) அளந்தால் மிகக் குறைவாகவும் காட்டும். ‘பி.டி.என்.எஃப். உயர்கிறது’ என்று ஒரு சத்து பானத்தின் விளம்பரம் சொன்னால், எதில் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.