ஃப்ளாப் வைத்த பிறகு: பக்கத்தில் இருப்பவர் என்னென்ன பார்க்க வேண்டும்?

தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டி. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றியிருக்கும் நல்ல சதையிலும் கொஞ்சம் சேர்த்தே எடுப்பார்கள். எடுத்ததும் எலும்பு தெரிகிற பள்ளம். அதை மூட மறு தொடையிலிருந்து ஃப்ளாப் வைத்தார்கள்; அதாவது, ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்த தோலும் சதையும். அறுவை சிகிச்சை டாக்டர் பாடு. அது முடிந்து வார்டுக்கு வந்த பிறகு நம் பங்குக்கு உள்ளதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: எந்த வகை ஃப்ளாப் என்று கேளுங்கள்

ஒட்டுத்தோல் வேறு, ஃப்ளாப் வேறு. ஒட்டுத்தோல் அடியிலுள்ள சதையிலிருந்து ரத்தம் பிடித்துப் பிழைக்க வேண்டும்; வெறும் எலும்பின் மேலோ உலோக மூட்டின் மேலோ அது ஒட்டாது. ஃப்ளாப் தன் தமனி (ரத்தம் கொண்டுவரும் குழாய்), சிரையோடு (ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் குழாய்) வருகிறது. கெண்டைக்கால் தசையைக் குழாய் அறுபடாமல் திருப்பி முழங்காலை மூடுவது ஒரு வகை. தம்பிக்குச் செய்தது இன்னொன்று: முழுதாக வெட்டியெடுத்து, 2, 3 மில்லிமீட்டர் அகலக் குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்பது. எலும்பையே எடுக்க நேர்ந்தவர்களுக்கு, காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவை இப்படிக் குழாயோடு மாற்றி வைப்பதும் உண்டு.

“குழாயைத் திருப்பினீர்களா, தைத்தீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். தைத்ததென்றால் முதல் 2, 3 நாள் முக்கியம். ரத்தம் உறைந்து குழாய் அடைபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

படி 2: வெள்ளை வெளிச்சம், ஒரு நோட்டு

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாத் தோலும் ஆரோக்கியமாகவே தெரியும். வெள்ளை எல்இடி டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் படம் எடுப்பதென்றால் ஃப்ளாஷ் வேண்டாம். அதே கோணம், அதே டார்ச். ஆப் எல்லாம் எனக்குச் சரிப்படவில்லை. நேரம், நிறம், சூடு, வீக்கம் என்று நாலு கட்டம் போட்ட நோட்டு போதும்.

படி 3: அழுத்திப் பார்ப்பது (நான் சறுக்கிய இடம்)

சிஸ்டர் மணிக்கொரு முறை வந்து ஃப்ளாப்பை விரலால் மெல்ல அழுத்திவிட்டு எடுப்பார். அந்த இடம் வெளுத்து, சுமார் 2 விநாடியில் பழைய நிறத்துக்குத் திரும்பும். அவர் அனுமதியோடு, கையைக் கழுவிவிட்டு, நானும் செய்து பார்த்தேன்.

இரண்டாம் நாள் இரவு, விரலை எடுத்த உடனே நிறம் வந்துவிட்டது. எண்ணவே நேரமில்லை. ‘ரத்த ஓட்டம் பிரமாதம்’ என்று நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த முறை வந்த சிஸ்டரிடம் சந்தோஷமாகச் சொன்னதும் அவர் முகம் மாறியது. டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார். ஓரத்தில் லேசான ஊதா, தொட்டால் விறைப்பு. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் தம்பி மறுபடி ஆபரேஷன் தியேட்டரில். சிரையில் ரத்தக்கட்டி. அதை எடுத்துத் திரும்பத் தைத்தார்கள்; ஃப்ளாப் பிழைத்தது.

காரணம் எளிது. தமனி ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சிரை அடைபட்டதால் வெளியே போக வழியில்லை. ததும்பி நிற்கும் ரத்தம், விரலை எடுத்ததும் பாய்ந்து நிரப்புகிறது. ஊதா நிறம், வீக்கம், விறைப்பு, அதிவேகமாகத் திரும்பும் நிறம்: சிரை அடைப்பு. தமனி அடைபட்டால் நேர்மாறு: வெளுப்பு, சில்லிப்பு, தொய்வு, நிறம் மெதுவாகத் திரும்புதல் அல்லது திரும்பாமலே போதல். எதுவானாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் தியேட்டருக்குப் போனால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

படி 4: அழுத்தம், குளிர், புகை

கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது. ஃப்ளாப் மேல் படுக்கக் கூடாது. அறை கதகதப்பாக இருக்கட்டும். புகை அறவே ஆகாது, நிக்கோட்டின் குழாயைச் சுருக்கும். சிகரெட் நெடியோடு வந்த சொந்தக்காரரை நான் வாசலோடு அனுப்பினேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

படி 5: காலைத் தொங்கவிடுதல்

டாக்டர் சொன்ன பிறகுதான். தம்பிக்கு ஒரு வாரம் கழித்து, முதலில் 5 நிமிடம். தொங்கவிட்டதும் ஃப்ளாப் கருஞ்சிவப்பானது. எனக்குப் பழைய பயம். காலைத் தூக்கி வைத்ததும் தெளிந்தது. தெளியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

படி 6: வீட்டில்

ஃப்ளாப்பில் உணர்ச்சி இருக்காது, வந்தாலும் முழுதாக வராது. வெந்நீர்ப் பை வைக்கவே வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது. அப்புறம், ரேடியேஷன் பாக்கி இருந்தால் புண் ஆறிய பிறகுதான் தொடங்குவார்கள்.

பின்சேர்க்கை: கறுத்த தோலில் ஊதா தெரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஃப்ளாப் எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள தோலோடு ஒப்பிடுங்கள்; நிறத்தை விட வீக்கத்தையும் விறைப்பையும் நம்புங்கள். தசையை வைத்து மேலே ஒட்டுத்தோல் போட்டிருந்தால் இந்த அழுத்தும் சோதனையே உதவாது. அங்கே சிஸ்டர் வைக்கும், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் ‘உஷ் உஷ்’ சத்தம்தான் துணை.

இன்னொன்று: தொடை முடி முழங்காலுக்குக் கீழே வளர்கிறதே, சவரம் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். தம்பிக்கும் வளர்கிறது. உணர்ச்சியில்லாத இடம், பிளேடு வேண்டாம். டிரிம்மர் போதும்.